வீட்டு மதிப்பீட்டு வரி கூடினால் என்ன செய்வது?



கிடங்கில் ஒரு மூட்டை பருப்பு இறங்கினால் தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம். இன்வாய்சில் பத்துக் காசு கூடியிருந்தாலும் சப்ளையருக்குப் போன் போடுகிறோம். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரி பில்லை மட்டும் பிரித்துப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த பில்லில் உள்ள தொகை எப்படி வந்தது என்று கேட்பவர் நம்மில் நூற்றுக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்.

இப்போது அப்படி இருக்க முடியாது. கோலாலம்பூரில் 2014ஆம் ஆண்டும், பினாங்கில் 2020ஆம் ஆண்டும், சிலாங்கூரின் பல ஊராட்சி மன்றங்களில் 2025ஆம் ஆண்டும் புதிய மதிப்பீடுகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மற்ற ஊர்களிலும் இன்றில்லாவிட்டால் நாளை வரும். மதிப்பீடு தவறாக இருந்தால் அதை எதிர்த்துக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அந்த உரிமைக்கு ஒரு முறையும் ஒரு கெடுவும் உண்டு. கெடு போனால் உரிமையும் போகும். ஆகவே இந்த இதழில் அதைப் பாடமாகவே எழுதுகிறோம். இங்கே சொல்வது தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன.

எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம்?

வீட்டுக்காரருக்கு இரண்டு வரிகள் உண்டு. ஒன்று நில வரி. சுக்காய் தானா என்று சொல்கிறோமே, அது. அது மாநில அரசுக்குச் சேர்வது. நில அலுவலகத்தில் கட்டுவது. மற்றொன்று மதிப்பீட்டு வரி. மலாயில் சுக்காய் தக்சிரான். பேச்சு வழக்கில் சுக்காய் பிந்து. அது ஊராட்சி மன்றத்துக்குச் சேர்வது. குப்பை எடுப்பது, தெருவிளக்கு, கால்வாய் துப்புரவு முதலியவற்றுக்கு மன்றத்தின் முக்கிய வருமானம் இதுதான். நில வரியைப் பற்றிய குறையை ஊராட்சி மன்றத்தில் சொல்லியோ, மதிப்பீட்டு வரியைப் பற்றிய குறையை நில அலுவலகத்தில் சொல்லியோ பயனில்லை. நாம் இங்கே பேசுவது இரண்டாவது வரியைப் பற்றி மட்டுமே.

இதற்கான சட்டம் 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171. இதில் 127ஆவது பிரிவு தொடங்கி வரிவிதிப்பு பற்றிய விதிகள் வருகின்றன. ஆட்சேபம் செய்வோர் 141 முதல் 145 வரையிலான பிரிவுகளை அறிந்திருந்தால் போதும்.

பில் தொகை எப்படி உருவாகிறது?

கணக்கு மிக எளிது. ஆண்டு மதிப்பு என்று ஒரு தொகை. விழுக்காடு என்று ஒரு விகிதம். இரண்டையும் பெருக்கினால் ஓர் ஆண்டின் வரி. அதில் பாதி ஒரு பில்.

ஆண்டு மதிப்பு என்றால் என்ன? அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் நியாயமாக எவ்வளவு வாடகை எதிர்பார்க்கலாம் என்ற மதிப்பீடு. பழுது பார்ப்பது, காப்புறுதி, பராமரிப்பு, வரிகள் ஆகிய செலவுகளை வீட்டுக்காரரே ஏற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டு அந்த வாடகையைக் கணக்கிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

"நான் என் வீட்டை வாடகைக்கு விடவே இல்லையே, நானே குடியிருக்கிறேனே" என்று பலர் கேட்கிறார்கள். அதனால் மதிப்பு மாறாது. கிடங்கில் இருக்கும் பருப்பை விற்றாலும் சரி, சொந்த வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைத்தாலும் சரி, அதன் சந்தை விலை சந்தை விலைதான். வீட்டுக்கும் அதே கணக்கு.

ஜொகூர் மாநிலத்தில் மட்டும் முறை வேறு. அங்கே வாடகைக்குப் பதிலாக, நிலமும் கட்டடமும் சேர்ந்து சந்தையில் என்ன விலை போகும் என்பதை வைத்து வரி போடுகிறார்கள். இதை மேம்பாட்டு மதிப்பு என்பர். ஜொகூர் நண்பர்கள் இக்கட்டுரையில் வாடகை என்று வரும் இடங்களில் விற்பனை விலை என்று வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

விழுக்காட்டை ஊராட்சி மன்றம் மாநில அரசின் ஒப்புதலோடு நிர்ணயிக்கிறது. ஆண்டு மதிப்பு முறையில் அது 35 விழுக்காட்டையும், மேம்பாட்டு மதிப்பு முறையில் 5 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்பது சட்டத்தின் உச்சவரம்பு. நடைமுறையில் வீடுகளுக்கு இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். வீட்டுக்கு ஒரு விகிதம், கடைக்கு ஒரு விகிதம் என்று பயன்பாட்டைப் பொறுத்தும் மாறும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒற்றை மாடித் தொடர் வீடு ஒன்று. மாத வாடகை 1,600 வெள்ளி கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிடுகிறது. ஆண்டு மதிப்பு 19,200 வெள்ளி. விகிதம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வரி 960 வெள்ளி. ஒரு பில் 480 வெள்ளி. ஆனால் அந்தத் தெருவில் அதே மாதிரி வீடுகள் 1,300 வெள்ளிக்குத்தான் வாடகைக்குப் போகின்றன என்றால், சரியான ஆண்டு மதிப்பு 15,600 வெள்ளி. ஆண்டு வரி 780 வெள்ளி. வித்தியாசம் ஆண்டுக்கு 180 வெள்ளி.

180 வெள்ளிதானே என்று தள்ளிவிடக் கூடாது. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, அல்லது மாநில அரசு நீட்டித்துத் தரும் காலத்துக்குள், தயாரிக்கப்பட வேண்டும் என்று 137ஆவது பிரிவு சொல்கிறது. நீட்டிப்புதான் நடைமுறையாக இருந்து வந்திருக்கிறது. கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு 2013 வரை 21 ஆண்டுகள் மறுமதிப்பீடு செய்யப்படவில்லை. பினாங்குத் தீவில் 2005க்குப் பிறகு 2020தான். இன்று பட்டியலில் ஏறும் தவறான தொகை பதினைந்து, இருபது ஆண்டுகள் அப்படியே உட்கார்ந்திருக்கக் கூடும். அப்படிப் பதினைந்து ஆண்டுகள் போனால் அந்த 180 வெள்ளி 2,700 வெள்ளியாகிறது. கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கும் மூத்தவர்களுக்கு அது சிறிய தொகை இல்லை.

கோலாலம்பூர் தந்த பாடம்

2013 நவம்பரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் வீட்டுக்காரர்களுக்குப் புதிய மதிப்பீட்டு நோட்டீசுகளை அனுப்பியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 21 ஆண்டு வாடகை உயர்வு ஒரே நோட்டீசில் வந்து இறங்கினால் யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். குடியிருப்போர் சங்கங்கள் திரண்டன. ஆட்சேபங்கள் குவிந்தன. முடிவில் 2014 முதல் வீடுகளுக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகவும், வணிகக் கட்டடங்களுக்கான விகிதம் 12 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டன.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மதிப்பு வேறு, விகிதம் வேறு. ஒரு வீட்டின் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளியாக இருந்து 12,000 வெள்ளியாக இரட்டித்தது என்று வைத்துக்கொள்வோம். முன்பு 6 விழுக்காட்டில் வரி 360 வெள்ளி. இப்போது 4 விழுக்காட்டில் 480 வெள்ளி. மதிப்பு இரண்டு மடங்கு. வரியோ மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது.

விகிதத்தைக் குறைக்க வேண்டுமானால் ஊர் கூடிக் கேட்க வேண்டும். சங்கம், பத்திரிகை, மக்கள் பிரதிநிதி என்று போக வேண்டிய வழி அது. உங்கள் வீட்டின் மதிப்பைக் குறைக்க வேண்டுமானால் நீங்கள்தான் எழுத வேண்டும். ஊர்வலத்தில் நின்றவர் எழுத்தில் ஆட்சேபம் தராமல் இருந்தால், அவர் வீட்டு மதிப்பு பட்டியலில் உள்ளபடியே நிற்கும்.

எந்தக் காரணங்களுக்காக ஆட்சேபிக்கலாம்?

142ஆவது பிரிவு ஐந்து காரணங்களைச் சொல்கிறது. சுருக்கமாகத் தருகிறோம்.

1. சொத்து அதன் உரிய மதிப்புக்கு மேல் மதிப்பிடப்பட்டுள்ளது.
2. வரிக்கு உட்படாத சொத்து மதிப்பிடப்பட்டுள்ளது.
3. பட்டியலில் சேர்க்க வேண்டிய சொத்தோ நபரோ விடுபட்டுள்ளது.
4. ஏதேனும் ஒரு சொத்து உரிய மதிப்புக்குக் கீழே மதிப்பிடப்பட்டுள்ளது.
5. சேர்த்து மதிப்பிட்டதைத் தனித்தனியாகவோ, தனித்தனியாக மதிப்பிட்டதைச் சேர்த்தோ மதிப்பிட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு முதலாவது காரணமே பெரும்பாலும் பயன்படும். கடைவீடு வைத்திருப்போருக்கு ஐந்தாவதும் பயன்படும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

இந்த ஐந்தில் எவை இல்லை என்பதையும் பாருங்கள். "வியாபாரம் மந்தம்" என்பது இல்லை. "ஓய்வு பெற்றுவிட்டேன், வருமானம் இல்லை" என்பது இல்லை. "குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை" என்பது இல்லை. "ஒரே தடவையில் இவ்வளவு ஏற்றலாமா" என்பதும் இல்லை. இவை உண்மையான குறைகளாக இருக்கலாம். இவற்றுக்குத் தனியாக மனு எழுதலாம். ஆட்சேபக் கடிதத்தில் இவற்றை மட்டும் எழுதினால் அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு தள்ளுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அவரிடம் பேச வேண்டிய பேச்சு ஒன்றே: இந்த வீட்டுக்கு நியாயமான வாடகை எவ்வளவு?

நாள் கணக்கு

நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

புதிய பட்டியல் தயாரானதும் ஊராட்சி மன்றம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பில் பட்டியலை எங்கே பார்வையிடலாம் என்பதும், எந்த நாளில் பட்டியலைச் சீராய்வு செய்யப் போகிறார்கள் என்பதும் இருக்கும். அறிவிப்புக்கும் சீராய்வு நாளுக்கும் இடையே குறைந்தது 42 நாள் இருக்க வேண்டும். 42 நாள் இருக்கிறதே, மெதுவாகச் செய்யலாம் என்று நினைத்தால் தவறு. ஆட்சேபம் அந்தச் சீராய்வு நாளுக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன்பே மன்றத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகக் கையில் இருப்பது 28 நாள்தான்.

நவம்பர் 1ஆம் தேதி அறிவிப்பு, டிசம்பர் 13ஆம் தேதி சீராய்வு என்றால், நவம்பர் 29க்குள் ஆட்சேபம் போயிருக்க வேண்டும். இதில் தபால் வருவதற்கு ஒரு வாரம், தீபாவளி விடுமுறைக்கு ஒரு வாரம் என்று கழித்துப் பாருங்கள். என்ன மிஞ்சும்?

இன்னொரு வகை நோட்டீசும் உண்டு. ஊர் முழுவதற்கும் புதிய பட்டியல் போடாமல், ஒரு வீட்டின் மதிப்பை மட்டும் இடையில் திருத்துவது. சமையலறையைப் பின்னால் நீட்டினீர்கள், மேல்மாடி எடுத்தீர்கள் என்றால் இந்த நோட்டீஸ் வரும். இது 144ஆவது பிரிவு. இதில் குறைந்தது 30 நாள் அவகாசம் தருவார்கள். ஆட்சேபம் குறித்த நாளுக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் போக வேண்டும். ஆகக் கையில் 20 நாள்.

இவை சட்டம் சொல்லும் குறைந்த அளவுகள். உங்கள் நோட்டீசில் அச்சாகியிருக்கும் தேதிதான் உங்களுக்குக் கெடு. நோட்டீஸ் வந்த அன்றே அந்தத் தேதியைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். உறையையும் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

நோட்டீஸ் சரியான கைக்கு வருவதும் முக்கியம். வீடு கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதத்துக்குள் ஊராட்சி மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 160ஆவது பிரிவு. பலர் நில அலுவலகத்தில் பெயர் மாற்றியதோடு நின்றுவிடுகிறார்கள். அப்பா காலமாகிப் பல வருடமாகியும் பில் அவர் பெயரிலேயே பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. பில்லை எப்படியோ கட்டிவிடலாம். நோட்டீஸ் தவறினால் உரிமை போய்விடும். இந்த வாரமே பெயரையும் முகவரியையும் சரிபாருங்கள்.

என்னென்ன சான்றுகள் சேர்க்க வேண்டும்?

வெறும் வார்த்தை எடுபடாது. காகிதம் வேண்டும்.

முதலில், மன்றத்தின் ஏட்டில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன பதிந்திருக்கிறது என்று பாருங்கள். பட்டியலைப் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மதிப்பீட்டுப் பகுதிக்கு, அதாவது ஜபாத்தான் பெனிலாயானுக்கு, நேரில் போய்க் கட்டட அளவு, வகை, பயன்பாடு ஆகியவற்றைக் கேளுங்கள். நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். தெருவிலுள்ள இருபது வீடுகளும் ஒரே மாதிரி. இவருக்கு மட்டும் மதிப்பு கூடுதல். போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டில் நீட்டிக் கட்டிய சமையலறையின் அளவு இவர் வீட்டுக் கணக்கில் ஏறியிருந்தது. வீட்டு வரைபடத்தையும் நான்கு புகைப்படங்களையும் கொடுத்தார். திருத்திக் கொடுத்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வரியும் அப்படித்தான்.

இரண்டாவது, வாடகைச் சான்று. அதே தாமானில், அதே வகை, ஏறக்குறைய அதே அளவுள்ள வீடுகள் என்ன வாடகைக்குப் போயுள்ளன? மூன்று அல்லது நான்கு வீடுகளின் விவரம் போதும். முத்திரை வரி செலுத்திய வாடகை ஒப்பந்தத்தின் நகல் கிடைத்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. மைத்துனருக்குச் சலுகையாக விட்ட வாடகையைக் காட்டிப் பயனில்லை. பட்டியல் தயாரித்த காலத்தையொட்டிய வாடகையாக இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தம் உதவாது. தளவாடம், குளிர்சாதனம், சலவை இயந்திரம் எல்லாம் வைத்து விட்ட வீட்டின் வாடகையோடு வெறும் வீட்டை ஒப்பிட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, அக்கம்பக்கத்தார் நோட்டீஸ். ஒரே மாதிரி வீட்டுக்கு ஒரே மாதிரி மதிப்பு இருக்க வேண்டும். தெருவிலுள்ளவர்கள் தங்கள் நோட்டீசுகளை ஓர் இரவு ஒரு வீட்டில் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருக்குக் கூடியிருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நான்காவது, வீட்டின் குறைகள். வெள்ளம் வரும் பள்ளம், வாசலுக்கு எதிரே உயர்மின் கம்பம், சுவரில் விரிசல், பட்டறைச் சத்தம் ஆகியவை வாடகையைக் குறைக்கக் கூடியவை. தேதியோடு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அனுமதி இல்லாமல் கட்டிய பகுதி உங்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள். ஆட்சேபம் வந்ததும் அதிகாரிகள் நேரில் வந்து அளக்கலாம். ஏட்டில் இல்லாத அறை அப்போது ஏட்டில் ஏறும். நம் பக்கம் சுத்தமாக இருந்தால்தான் தராசைப் பிடித்துக் கேட்கலாம்.

கடைவீட்டில் குடியிருப்போருக்கு

கீழே மளிகைக்கடை, மேலே குடும்பம் என்பது நம் தொழிலில் பழைய வழக்கம். இதில்தான் பணம் அதிகம் போகிறது. கோலாலம்பூர் விகிதங்களையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு 4, வணிகத்துக்கு 10. மேல்மாடியும் வணிகம் என்று பதிந்திருந்தால் குடியிருக்கும் இடத்துக்கு இரண்டரை மடங்கு வரி கட்டுகிறோம்.

மேல்மாடிக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு, தனி மின்சார மீட்டர் இருந்து, அங்கே குடும்பம் மட்டுமே குடியிருந்தால், அதைத் தனியாக வீடு என்று மதிப்பிடும்படி கேட்கலாம். ஐந்தாவது காரணம் இதற்குத்தான். வீட்டு மின்சார பில், அடையாள அட்டை முகவரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் ஆகியவற்றைச் சான்றாக வையுங்கள். ஆனால் மேலே அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அடுக்கி வைத்திருந்தால் அது கிடங்குதான். அதை வீடு என்று சொல்ல முடியாது. தாமான் வீட்டின் கார் நிறுத்துமிடத்தைச் சரக்கு வைக்கும் இடமாக மாற்றியவர்களுக்கும் இது பொருந்தும்.

மாவு, மசாலைத் தூள் அரைக்கும் மில் வைத்திருப்போருக்கு ஒரு செய்தி. பொருளைத் தயாரிக்கவோ விற்பனைக்கு ஏற்றதாக மாற்றவோ பயன்படும் இயந்திரத்தால் கட்டடத்துக்குக் கூடும் மதிப்பை ஆண்டு மதிப்பில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. உங்கள் கணக்கில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கடிதம் எழுதும் முறை

மன்றத்தில் ஆட்சேபப் பாரம், அதாவது போரங் பந்தாஹான் இருந்தால் அதிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் தனிக் கடிதம் போதும். மலாய் மொழியில் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"மேற்கண்ட சொத்தின் உரிமையாளர் நான். சொத்துக் கணக்கு எண் இது. இன்ன தேதியிட்ட தங்கள் அறிவிப்பில் ஆண்டு மதிப்பு 19,200 வெள்ளி எனக் குறிக்கப்பட்டுள்ளது. சட்டம் 171, பிரிவு 142இன் கீழ், சொத்து உரிய மதிப்புக்கு மேல் மதிப்பிடப்பட்டுள்ளது என்ற காரணத்தால் இதை ஆட்சேபிக்கிறேன். இதே சாலையில் இதே வகையைச் சேர்ந்த மூன்று வீடுகள் மாதம் 1,250, 1,300, 1,350 வெள்ளிக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளன. ஒப்பந்த நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. எனவே ஆண்டு மதிப்பை 15,600 வெள்ளியாகத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். என் தரப்பை நேரில் விளக்க வாய்ப்புத் தரும்படியும் வேண்டுகிறேன்."

இதில் கவனியுங்கள்: கூடுதல் என்று புலம்பாமல், சரியான தொகை எது என்று சொல்கிறோம். பேரத்தில் விலை கேட்காமல் சரக்கு வாங்குவதுண்டா? அதைப் போலத்தான்.

கடிதத்தை இரண்டு படிகள் எடுத்து நேரில் கொடுங்கள். ஒரு படியில் மன்றத்தின் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால்.

விசாரணை நாளில்

வந்த ஆட்சேபங்கள் அனைத்தும் விசாரிக்கப்பட வேண்டும். ஆட்சேபித்தவரின் பேச்சைக் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். நீங்களே போகலாம்; போக முடியாதவர்கள் தங்கள் சார்பில் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். வயதானவர்கள் மொழி தெரிந்த மகனையோ மகளையோ அனுப்புவது நல்லது.

அங்கே பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. வாடகைச் சான்று, அளவு, குறைகள் என்ற வரிசையில் பேசுங்கள். அதிகாரி எந்த வீடுகளை ஒப்பிட்டு இந்தத் தொகைக்கு வந்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். குரலை உயர்த்துவதால் மதிப்பு இறங்காது.

ஆட்சேபம் இருக்கிறது என்று பணத்தை நிறுத்த வேண்டாம்

வரி அரையாண்டுக்கு முன்கூட்டியே கட்டப்பட வேண்டியது. ஜனவரி, ஜூலை மாதங்களில் பில் வரும். பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் கட்டாவிட்டால் அது நிலுவை ஆகிவிடும். பிறகு நோட்டீஸ் கட்டணம் சேரும். அதற்கும் அசையாவிட்டால் வாரண்ட் எடுத்து வீட்டிலுள்ள அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. "கேஸ் போட்டிருக்கிறேன், முடிவு வரட்டும்" என்று உட்கார்ந்திருப்பது ஆபத்து. கட்டிவிடுங்கள். ஆட்சேபம் நிலுவையில் இருப்பதைக் குறிப்பிட்டு, மதிப்புக் குறைந்தால் கூடுதலாகக் கட்டிய தொகையை அடுத்த பில்லில் கழிக்கும்படி ஒரு வரிக் கடிதம் கொடுத்து வையுங்கள்.

முடிவு பாதகமாக வந்தால்

145ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இதற்கும் நாள் குறைவு. முடிவுக் கடிதம் வந்த அன்றே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தக் கதவு ஏற்கெனவே முறையாக ஆட்சேபம் செய்தவருக்கு மட்டுமே திறக்கும். முதல் கடிதம் எழுதாதவர் உயர் நீதிமன்றப் படியில் ஏற முடியாது. அந்த ஒரு பக்கக் கடிதத்தின் அருமை இதில்தான் இருக்கிறது.

நீதிமன்றம் போவதைக் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். ஆண்டுக்கு 180 வெள்ளி வித்தியாசத்துக்காக வழக்கறிஞர் கட்டணம், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கைக் கட்டணம் என்று செலவழிப்பது லாபமான வியாபாரம் இல்லை. பெரிய கிடங்கு, வரிசையாகப் பல கடைகள் என்றால் யோசிக்கலாம். ஒற்றை வீட்டுக்காரர் தன் முழுப் பலத்தையும் முதல் ஆட்சேபத்திலேயே காட்டிவிட வேண்டும்.

வீடு வாடகைக்குப் போகாமல் காலியாகக் கிடந்தால் 162ஆவது பிரிவின் கீழ் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வழியுண்டு. வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்க வேண்டும். வாடகைக்கு ஆள் தேட உண்மையாக முயன்றிருக்க வேண்டும். கேட்ட வாடகை நியாயமாக இருக்க வேண்டும். காலியானவுடனே மன்றத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது அவசியம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

புதிய மதிப்பீட்டு நோட்டீஸ் வரும் ஊர்களில் உள்ள நம் கிளைகள், முதல் வாரத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உறுப்பினர்களைக் கூட்டலாம். நோட்டீசுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாடகை விவரங்களைப் பொதுவாகத் திரட்டி, ஒரே பட்டியலாக எல்லோர் கடிதத்தோடும் இணைக்கலாம். மலாயில் எழுதத் தெரிந்த இளைஞர் இருவர் உட்கார்ந்தால் ஒரே மாலையில் முப்பது கடிதம் முடியும். வீட்டுக்காரர் இறந்து, மனைவி மட்டும் இருக்கும் குடும்பங்களை முதலில் கவனியுங்கள். நோட்டீசைப் படித்துச் சொல்லவும் ஆளில்லாத வீடுகள் அவை.

இப்போதைக்கு ஒவ்வொருவரும் செய்ய வேண்டியவை மூன்று. கடைசி பில்லை எடுத்து ஆண்டு மதிப்பு எவ்வளவு என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்து, அந்த மாத வாடகைக்கு உங்கள் வீடு உண்மையில் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் உள்ள பெயரும் முகவரியும் சரியா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மகிழ்ச்சியோடு வரியைக் கட்டுங்கள். நம் தெருவிளக்கு அதில்தான் எரிகிறது. சரியில்லை என்றால், அடுத்த நோட்டீசுக்குக் காத்திருக்கும் நாட்களில் சான்றுகளைச் சேர்க்கத் தொடங்குங்கள்.